அடுத்த பாஸ்கா திருவிழிப்புக்குள் நம் திருமுழுக்குத் தொட்டி

இயேசு கிறிஸ்துவில் அன்பார்ந்த பங்கு மக்களே,

உங்கள் எல்லோருக்கும், நம் கோவிலின் பழுதான திருமுழுக்குத் தொட்டியைப் புதிதாகக் கட்ட உங்கள் உதவியை நாடும் தொட்டிச் சீரமைப்புக் குழுவின் உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள்.

இந்த ஆண்டு, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு நடந்த பாஸ்கா திருவிழிப்புக்கு வந்திருந்தவர்களுக்கு நாங்கள் எதைப் பற்றி எழுதுகிறோம் என்று தெரிந்திருக்கும். வராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறோம். கோவிலுக்கு வெளியே புதுத் தீ மூட்டினோம். பாஸ்கா மெழுகுதிரியில் சிலுவையும், தொடக்கமும் முடிவும் என்று பொருள்படும் அகரமும் னகரமும், ஆண்டின் நான்கு இலக்கங்களும் கீறப்பட்டன. ஐந்து சாம்பிராணி மணிகள் பதிக்கப்பட்டன. இருட்டுக்குள் மூன்று முறை "கிறிஸ்துவின் ஒளி இதோ" என்று பாடியபடி உள்ளே நுழைந்தோம். ஒருவர் திரியிலிருந்து அடுத்தவர் திரிக்கு நெருப்பு போய்க்கொண்டே இருந்தது. வாசகங்கள் முடிந்து வானவர் கீதம் தொடங்கியதும், பெரிய வியாழன் இரவிலிருந்து வாய்மூடி இருந்த மணிகள் எல்லாம் ஒன்றாக ஒலித்தன. பாடகர் குழு அன்று பாடியதுபோல் பாடி நாங்கள் கேட்டதில்லை.

அப்புறம் தண்ணீரை மந்திரிக்கும் நேரம் வந்தது. பீடத்துக்கு முன்னால் ஒரு மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி சுற்றிய பிளாஸ்டிக் தொட்டி. பங்குத்தந்தை மெழுகுதிரியைத் தண்ணீருக்குள் இறக்கினார். ஆழம் போதவில்லை. திரியின் அடி தொட்டியில் டக்கென்று இடித்தது. தண்ணீர் தளும்பித் துணியை நனைத்துத் தரையில் ஓடியது. முதல் வரிசையில், அன்று திருமுழுக்குப் பெறவிருந்த ஒரு பெண் தன் வெள்ளை உடுப்பை மடியில் வைத்துக் காத்திருந்தார். அவரே எழுந்து குனிந்து தன் கைக்குட்டையால் தரையைத் துடைத்தார். பல மாதங்கள் மறைக்கல்விக்கு வந்து, அந்த இரவுக்காகவே காத்திருந்தவர் அவர். நாம் அவருக்கு வைத்திருந்தது ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அந்தக் காட்சி இன்னும் எங்கள் யார் மனதை விட்டும் போகவில்லை.

பழைய தொட்டிக்கு என்ன ஆயிற்று என்று பலர் கேட்கிறீர்கள். அதன் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்துவிட்டது. துருப்பிடித்த இரும்பு உப்பும், உப்பினால் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும். வெளியிலிருந்து இரண்டு முறை பூசிப் பார்த்தோம். பூச்சு அப்படியே இருக்க, அதன் பக்கத்திலேயே புது விரிசல் விட்டது. அடியிலுள்ள குழாயும் கசிகிறது. தொட்டியைச் சுற்றியுள்ள தரை ஓடுகளை மிதித்தால் இப்போதே அசைகின்றன. இனி ஒட்டுப் போட்டுப் பயனில்லை, புதிதாகத்தான் கட்ட வேண்டும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

குளிர் விலகிப் பகல் நீளத் தொடங்கும் இந்த மாதங்களில்தான் நம் பங்கின் வாழ்க்கை முழுவதும் தண்ணீரை நோக்கி நடக்கிறது. திருநீற்றுப் புதனன்று, போன ஆண்டுக் குருத்தோலையை எரித்த சாம்பலை நெற்றியில் வாங்குகிறோம். வெள்ளிதோறும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளையும் முழங்காலிட்டுக் கடக்கிறோம். தவக்காலத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் கிணற்றடியில் சமாரியப் பெண், பார்வை பெற்றவர், கல்லறையிலிருந்து வெளியே வந்த இலாசர் என்று மூன்று நற்செய்திகளை வைத்து, திருமுழுக்குக்குத் தயாராகிறவர்களுக்காகச் சேர்ந்து மன்றாடுகிறோம். புனித வாரத்தில் ஆயர் தம் குருக்களோடு திருப்பலி நிறைவேற்றிக் கிறிஸ்மா என்னும் திருத்தைலத்தையும் மற்ற இரண்டு எண்ணெய்களையும் மந்திரித்து அனுப்புகிறார். கோவில் வாசல் தீர்த்தத் தொட்டிகளைக் காலி செய்துவிட்டுக் காத்திருக்கிறோம். இவ்வளவும் வந்து சேரும் இடம் அந்தத் தொட்டிதான்.

இந்த இரவே ஒரு காலத்தில் நம் கையை விட்டுப் போயிருந்தது. பல நூற்றாண்டுகள் திருவிழிப்பைச் சனிக்கிழமை காலையிலேயே, ஏறக்குறைய ஆளில்லாத கோவிலில் முடித்துவிடுவார்களாம். 1951இல் திருத்தந்தை 12ஆம் பயஸ்தான் அதை மீண்டும் இரவுக்குக் கொண்டுவந்தார். பெரியவர்களுக்குத் திருமுழுக்கு கொடுத்துத் திருச்சபையில் சேர்க்கும் புகுமுகச் சடங்கு முறை 1972இல் புதுப்பிக்கப்பட்டது. திரும்பக் கிடைத்த இந்த இரவை அரைகுறையாகக் கொண்டாட எங்களுக்கு மனம் வரவில்லை.

சரி, என்ன கட்டப் போகிறோம்? எட்டுப் பட்டை கொண்ட, கருங்கல்லாலான தொட்டி. எட்டு என்பது ஏழு நாட்களுக்கு அடுத்த நாள், உயிர்ப்பின் நாள். ரோமில் இலாத்தரன் திருமுழுக்குக் கூடத்தை ஐந்தாம் நூற்றாண்டில் எட்டுப் பட்டையாகக் கட்டியதும் இந்தப் பொருளில்தான். நுழைவாயில் பக்கமே வைக்கிறோம். ஞாயிறுதோறும் உள்ளே வரும்போதே விரலை நனைத்துச் சிலுவை போடலாம், வந்த வழி எது என்று நினைத்துக்கொள்ளலாம். மேல் கிண்ணத்தில் குழந்தைகளுக்கு ஊற்றலாம். கீழே, பெரியவர்கள் படியிறங்கி முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்கலாம். முழுக்கினாலும் ஊற்றினாலும் திருச்சபைச் சட்டப்படி இரண்டும் செல்லும். குளிரான இரவுகளில் தண்ணீரை இளஞ்சூடாக்கச் சடங்குமுறையே இடம் கொடுக்கிறது. அதனால் ஒரு சூடாக்கியும் திட்டத்தில் உண்டு. பச்சைக் குழந்தை வீறிட்டு அழுவதைப் பார்த்த தாய்மார்களுக்கு இது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. மந்திரித்த தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் நேரே மண்ணுக்குள் இறங்கும்படி தனிக் குழாய் போடுகிறோம். பக்கத்தில் பாஸ்கா மெழுகுதிரிக்கு நிலையான தண்டு. தூய ஆவியார் பெருவிழாவுக்குப் பிறகு திரி நிற்க வேண்டிய இடம் தொட்டியருகேதான். நம்மில் ஒருவர் இறந்தால் அதே திரி எடுத்துவரப்பட்டுப் பெட்டியருகே எரியும்.

பொங்கிவழியும் நீரூற்று, பளிங்கு, வண்ண விளக்கு என்று ஆசைப்பட்டவர்களும் குழுவில் இருந்தார்கள். நிறைய நேரம் பேசினோம். கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். கல், தண்ணீர், வெளிச்சம் போதும்.

பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து கேட்டார்: "நம் அன்பியத்திலேயே (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவிலேயே) மருந்து வாங்க முடியாமல் இருக்கிறவர்கள் இருக்கும்போது தொட்டிக்கு எதற்குப் பணம்?" நாங்கள் அந்தக் கேள்வியைச் சுற்றிப் போக விரும்பவில்லை. பசித்திருக்கும் கிறிஸ்துவை விட்டுவிட்டு அவர் பீடத்தைப் பொன்னால் நிரப்புவதில் என்ன பயன் என்று நான்காம் நூற்றாண்டிலேயே புனித யோவான் கிறிசோஸ்தோம் கேட்டார். அதே மறையுரையில், கோவிலுக்குக் கொடுப்பதைத் தாம் தடுக்கவில்லை, ஏழைகளையும் மறக்காதீர்கள் என்றே சொல்கிறேன் என்றும் சொன்னார். அதனால் இப்படி முடிவெடுத்தோம்: ஏழைகள் நிதிக்கான உண்டியலை இந்த ஆண்டு ஒரு வாரம்கூட நிறுத்த மாட்டோம், அதிலிருந்து ஒரு காசும் தொட்டிக்கு வராது. ஏழைகளுக்குக் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு இதற்குக் கொடுக்கத் தோன்றினால், தயவுசெய்து இதற்குக் கொடுக்காதீர்கள். கேள்வி கேட்ட அந்தத் தாய் இப்போது எங்கள் குழுவில் இருக்கிறார்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு நோக்கத்துக்கென்று மக்கள் தரும் காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம், எண் 1267. வரவு செலவு கணக்கை மக்களுக்குக் காட்டச் சொல்வது எண் 1287. பங்குப் பேரவை வேறு, நிதிக்குழு வேறு. தொட்டிக் கணக்கைப் பார்க்கப்போவது நிதிக்குழு, வேலை செய்யப்போகும் நாங்கள் அல்ல. கல்வேலை, குழாய், சூடாக்கி, தரை ஓடு எனத் தனித்தனி மதிப்பீட்டுத் தாள்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொரு மாத முதல் ஞாயிறும் வந்ததும் போனதும் அதே பலகையில் வரும். கூடுதலாகச் சேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் உங்களைக் கேட்டுத்தான் முடிவெடுப்போம்.

கொடுக்க விரும்புகிறவர்கள் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்கு அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மாதாமாதம் சிறிது சிறிதாகத் தரலாம், உறை கிடைக்கும். இங்கே திருமுழுக்குப் பெற்று இப்போது தூரத்தில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் இதைப் படித்துச் சொல்லுங்கள். அவர்கள் பெயர் நம் திருமுழுக்குப் பதிவேட்டில்தான் இருக்கிறது. யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியல் எங்கும் வராது, தொட்டியில் யார் பெயரும் பொறிக்கப்படாது. கடனில் இருப்பவர்கள், வேலை இழந்தவர்கள் எதுவும் தர வேண்டாம். அதற்காகச் சங்கடப்படவும் வேண்டாம்.

கை வேலையும் நன்கொடைதான். கொத்து வேலை, குழாய் வேலை, மின்சார வேலை தெரிந்தவர்கள் சனிக்கிழமைகளில் சில மணி நேரம் தந்தால் செலவு நன்றாகக் குறையும். பழைய தொட்டியை உடைத்து எடுக்க இளைஞர்கள் வேண்டும். படுக்கையில் இருக்கும் மூத்தவர்களே, அடுத்த ஆண்டு திருமுழுக்குப் பெறத் தயாராகிறவர்களுக்காக ஒரு செபமாலை சொல்லுங்கள், அது எங்களுக்குப் பெரிய துணை.

காலம் குறைவு. உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எந்த ஞாயிறாகவும் வரலாம். சீக்கிரம் வந்தால் தவக்காலம் பிப்ரவரி முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும். தவக்காலத்தில் கோவிலுக்குள் உளிச் சத்தம் கேட்கக் கூடாது என்று நினைக்கிறோம். அதற்குள் கல் உட்கார்ந்து, கசிவு இருக்கிறதா என்று ஒரு மாதமாவது தண்ணீர் நிரப்பிப் பார்க்கவும் வேண்டும்.

வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு பழைய தொட்டியருகே குழுவினர் நிற்போம். வரைபடமும் ஒரு கல் மாதிரியும் கொண்டுவருகிறோம். வந்து கையால் தொட்டுப் பாருங்கள், கேள்விகளைக் கேளுங்கள்.

உயிர்த்த ஆண்டவரில்,
பங்குப் பேரவை, திருமுழுக்குத் தொட்டிச் சீரமைப்புக் குழு