அதுவரை அக்கா பார்த்துக்கட்டும் என்றாய்

தம்பி,

போனில் பேசினால் சண்டையாகிவிடும், இல்லாவிட்டால் பாதியில் லைன் அறுந்துவிடும், அதனால் எழுதுகிறேன். ராத்திரி பதினொரு மணிக்குக் கரண்ட் விடுவார்களாம். வந்ததும் மாவு அரைக்க வேண்டும். அதுவரை எனக்கு வேலை இல்லை.

அப்பாவுக்கு அக்கா கொள்ளி வைத்தது உனக்குப் பிடிக்கவில்லை. "பெரியப்பா மகன் இல்லையா, ஊர் என்ன சொல்லும்" என்று கேட்டாய். பெரியப்பா மகன் வந்தான், வாசலில் நின்றான், தலையை மழிக்கவும் தயாராகத்தான் இருந்தான். ஆனால் அந்த வீட்டோடு உன் அப்பா பதினோரு வருஷமாகப் பேசவில்லை என்பது உனக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி பக்கத்திலேயே உட்கார்ந்து மூத்திரப் பையை மாற்றியவள் வீட்டுக்குள் நிற்க, பேசாதவர் மகன் குடம் தூக்குவதா? பண்டாரம் என்னைத்தான் கேட்டார். "மகள் செய்வாள்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே கை நடுங்கியது, அது வேறு விஷயம்.

நான் சுடுகாட்டுக்குப் போகவில்லை. முதலில் இதை எதிர்த்துக் குதித்த உன் சின்ன மாமாதான் ரங்கூன் யேவே சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து சொன்னார். மூன்று சுற்றிலும் குடத்துத் தண்ணீர் முதுகில் வழிந்து இடுப்பில் கட்டிய பர்மாப் பாவாடை, தமெய்ன், நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டதாம், அடி எடுத்துவைக்கவே முடியவில்லையாம், ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் குடத்தைப் போட்டு உடைத்தாளாம். சொல்லிவிட்டு அவர் ரொம்ப நேரம் காபியைக் குடிக்காமலே கையில் வைத்திருந்தார்.

சரி, அதை விடு. எனக்கு உறுத்தியது நீ கடைசியில் சொன்னதுதான். "நான் வந்து கடையை எடுத்துக்கிறேன், அதுவரை அக்கா பார்த்துக்கட்டும்." நீ நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய். ஆனால் இந்த "அதுவரை" நம் குடும்பத்தில் புதிதில்லை, தம்பி.

1964 மே மாதம் பர்மாவில் ஐம்பது, நூறு சாட் பண நோட்டுகள் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்தபோது உன் பாட்டிக்கு இருபத்திரண்டு வயது. அதற்கு முன்பே கடைகளை அரசுடைமை ஆக்கத் தொடங்கியிருந்தார்கள், தாத்தாவின் ஜவுளிக் கடையிலும் பலகையை மாற்றிவிட்டார்கள். அந்த வருஷங்களில் நம்மவர்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள், பாட்டியின் அக்காவும் போனாள், கழுத்தில் கிடந்ததைக்கூடத் துறைமுகத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். தாத்தா போகவில்லை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவும் இல்லை. அதுவரை வாசல்படி தாண்டாத பாட்டி தட்டில் வடையை அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். யாரும் தடுக்கவில்லை, பசி இருந்ததல்லவா. எட்டு வருஷம் விற்றாள். அப்புறம் அந்தக் காசில் தோசைக் கல் வாங்கிக் கடை போட்டதும், கல்லாவில் உட்கார்ந்தது தாத்தா. பாட்டி மறுபடியும் அடுப்படிக்கு. அவருக்குப் பிறகு உன் அப்பா. இப்போது நீ வரும்வரை அக்கா. புரிகிறதா நான் எங்கே வருகிறேன் என்று?

இதில் என் பங்கும் உண்டு, அதை மறைக்கவில்லை. பர்மாக்காரர்கள் சொல்வார்களே, "தா-கோ தக்கின், லின்-கோ பயா", மகனை எஜமானாக நினை, புருஷனைச் சாமியாக நினை என்று. எதிர்வீட்டு அம்மா அதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள், அவள் மகன் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பான். நான்தான் அதை அப்படியே நடத்திக் காட்டினேன். நீ சாப்பிட்ட தட்டை ஒரு நாளும் நீ எடுத்ததில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை அன்றைக்குக்கூட அக்கா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து உளுந்து கழுவினாள், உனக்குப் பரீட்சை வந்தபோது வீட்டில் டிவியே ஓடவில்லை.

அதற்காகப் பர்மாக்காரர்கள் வீட்டில் எல்லாம் சமம் என்று சொல்லமாட்டேன். அவர்கள் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்தபோது வைத்த பெயரோடே இருக்கிறார்கள், சந்தையில் பாதிக் கடை அவர்கள் கையில், புருஷன் செத்தால் வளையலை உடைக்க யாரும் வருவதில்லை. ஆனால் கயைக்தியோ புத்தர் கோயில் பாறையில் தங்க ரேக் ஒட்ட ஆண் மட்டும்தான் போகலாம், பெண் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிட வேண்டும். ஆணுக்கு மட்டும் "போன்" என்று ஒரு மகிமை இருக்கிறதாம், பெண்ணின் தமெய்னுக்கு அடியில் நடந்தால் அது போய்விடுமாம். 2021 மார்ச்சில் ராணுவ ஆட்சியை எதிர்த்துப் பெண்கள் தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டித் தமெய்ன்களைத் தொங்கவிட்டார்களே, துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அதை அவிழ்க்காமல் தாண்ட யோசித்தார்கள். உனக்கு அப்போது எவ்வளவு சிரிப்பு! ஆனால் நம் வீட்டுப் பால்கனியிலும் இரண்டு கொடி இருந்ததே, மேலே உங்கள் கைலி, கீழே எங்கள் துணி. அதைக் கட்டியது யார்? நான்தான். எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இவர்களைப் பார்த்துப் பழகிக்கொண்டேன், நல்லதையெல்லாம் விட்டுவிட்டு இதை.

உன் பங்குக்கு நீ பட்டதும் எனக்குத் தெரியாமல் இல்லை. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சட்டம் அமலுக்கு வந்தபோது ஆண்களுக்குப் பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து, பெண்களுக்கு இருபத்தேழு வரை என்றார்கள், அப்புறம் பெண்களை இப்போதைக்குக் கூப்பிடமாட்டோம் என்றார்கள். உனக்கு இருபத்துமூன்று. ஆண் பிள்ளை என்று எதற்காகக் கொண்டாடினோமோ அதற்காகவே உன்னை ராத்திரியோடு ராத்திரியாகத் தாய்லாந்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அப்பா பஸ் நிலையத்தில் அழவே இல்லை என்று நீ வருத்தப்பட்டாய். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் உள்ளே இருந்தார். குழாயில் தண்ணீரே வரவில்லை அன்றைக்கு. நெஞ்சு வலியையும் அப்படித்தான் ஒளித்து வைத்தார், வாயுத் தொல்லை என்று சொல்லிச் சொல்லியே. நீயும் அவர் போன செய்தி கேட்டதும் மைக்கை அணைத்துக்கொண்டாய், திரையில் கோடு போட்ட மைக் படம் எனக்குத் தெரிந்தது. உனக்கு ஆறு வயதில் "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்று சொல்லிக் கொடுத்தவளும் நான்தானே.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடையை அக்கா பெயருக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். எழுத்து வேலை அடுத்த வாரம். குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார்கள், என் பெயரைச் சொன்னாள். அவளுடைய அடையாள அட்டையில் அப்பா பெயர்தான் இருக்கிறது, அம்மா பெயருக்கு அதில் இடமே கிடையாது, அதனால் என்னை யாரென்று நிரூபிக்க வேறு தாள் தேட வேண்டியிருந்தது. நீ திரும்பி வரும் நாள் வரட்டும், வந்தால் உனக்குக் கடையில் வேலை இருக்கும், சம்பளத்தை அவளிடம் பேசிக்கொள். கோபம் வந்தால் என்மேல் படு, அவளிடம் போன் பண்ணிக் கத்தாதே. அவள் இப்போதே நாலு மணி நேரம்தான் தூங்குகிறாள்.

அக்காவின் தமெய்ன் இப்போது மேல் கொடியில் காய்கிறது. நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கருமாதி. இங்கே அவள் செய்துவிடுவாள். நீ அங்கே பாங்காக்கில் சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போய் ஒரு விளக்கு போடு. அறைக்கு வந்து கடைச் சாப்பாடு வாங்காமல் நீயே சோறு வடித்துக் காக்கைக்கு வை. ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், கொதித்ததும் தீயைக் குறைத்துவிடு. குழைந்துபோனாலும் பரவாயில்லை, உன் அப்பாவுக்குக் குழைந்த சோறுதான் பிடிக்கும்.

கரண்ட் வந்துவிட்டது.

அம்மா