தாளைப் பரிந்துரையுங்கள், என்னை வேண்டாம்

அன்புடையீர், வணக்கம்.

தருமபுரியில் மாதா மாதம் நாங்கள் கொண்டுவரும் இரண்டு பக்கச் சட்டத் தாளை, மாநில அளவிலான ஒரு வழக்கறிஞர் அமைப்பின் பாராட்டுக்கு உங்களில் சிலர் பரிந்துரைத்திருக்கிறீர்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமலேயே படிவம் வாங்கி, நிரப்பி, தபாலில் சேர்த்தும் விட்டீர்கள். தெரிந்ததும் சந்தோஷம்தான், கொஞ்சம் கூச்சமும். நன்றி சொல்லத்தான் இந்த மடல். கூடவே ஒரு வேண்டுகோளும் உண்டு.

முதல் நன்றி, தாலுகா அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதும் அண்ணனுக்கு. அவர் மேசையில் வெள்ளைத்தாள் கட்டு, கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, மை ஒத்தும் துணி, அதற்குப் பக்கத்தில் காற்றில் பறக்காமல் கல் வைத்த எங்கள் தாள். பட்டா மாற்ற வருகிறவர், முதியோர் உதவித்தொகைக்கு வருகிறவர் என்று எல்லார் கையிலும் ஒன்றைக் கொடுத்துவிடுவார். சும்மா கொடுப்பதோடு நிற்க மாட்டார், சனங்கள் என்ன கேட்கிறார்கள் என்று எங்களிடம் வந்து சொல்வார். "வக்கீலம்மா, லோக் அதாலத்துல முடிச்சுக்கிட்டா அப்புறம் அப்பீல் இல்லைன்னு முதல் வரியிலேயே போடுங்க. கோர்ட் ஃபீ திரும்பக் கிடைக்கும்னு மட்டும் சொன்னா எப்படி?" என்றார். நியாயமான கேள்வி. லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் ஒருவருக்குத் தெரிய வேண்டியது அதுதானே. அப்படியே போட்டோம்.

அடுத்து, ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஐயா. பெண்களின் சொத்துரிமை பற்றிய தாளுக்குத்தான் இதுவரை அதிகக் கேள்விகள் வந்தன. "எனக்கு 1987-ல் கல்யாணம், பூர்விகச் சொத்தில் எனக்குப் பங்கு உண்டா?" என்று பாலக்கோடு பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், அதற்கு முன்பே மணமான மகள்களை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9-ல் அமலுக்கு வந்த மத்தியத் திருத்தத்தில் அந்தப் பாகுபாடு இல்லை. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவ்வளவையும் எழுதி ஐயாவிடம் காட்டினோம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தவர், "பழைய பாகப்பத்திரம் இருக்கிற வீட்டில் இதைக் காட்டி அண்ணன் தம்பியோடு சண்டைக்குப் போய்விடுவார்களே" என்றார். அதனால்தான், 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாணை மூலமோ நடந்து முடிந்த பாகப்பிரிவினையை இந்தத் திருத்தம் தொடாது என்ற வரி தடித்த எழுத்தில் வந்தது. கிராமத்துக் கணக்கு பார்த்தவருக்குத் தெரிவது சட்டப் புத்தகம் மட்டும் படித்தவருக்கு வராது.

பென்னாகரம் பேருந்தில் தாள் கட்டைப் பத்திரமாகக் கொண்டு போய்ச் சேர்க்கும் கண்டக்டர் தம்பி, பாதி விலைக்கு நகல் எடுத்துத் தரும் ஜெராக்ஸ் கடைக்காரர், குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பற்றிய தாளை வகுப்பில் வாசித்துக் காட்டி 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகை ஓரத்தில் அழிக்காமல் வைத்திருக்கும் தலைமையாசிரியை எல்லாருக்கும் நன்றி.

வாச்சாத்தி வழக்கைக் கண்ட மாவட்டம் இது. அந்த ஊர்ப் பழங்குடி மக்கள் மீது அரசு ஊழியர்களே 1992-ல் நடத்திய கொடுமைக்கு 2011-ல்தான் தருமபுரி நீதிமன்றம் தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-ல். வழக்கு இழுக்கும் என்பதை நம் சனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வழக்கை எங்கே தொடங்குவது, காசில்லாமல் வக்கீல் கிடைப்பாரா என்பதுதான் தெரியாமல் இருக்கிறது. கிடைப்பார். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. சட்ட உதவி எண்ணான 15100-க்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள். தாளின் அடியில் ஒவ்வொரு மாதமும் அந்த ஓர் எண் மட்டும்தான் இருக்கும். "உங்க நம்பரைப் போட்டா என்னம்மா?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 36 சொல்கிறது. விதி இல்லாவிட்டாலும் போட்டிருக்க மாட்டோம், அது வேறு விஷயம்.

வேண்டுகோளும் இதை ஒட்டியதுதான். பரிந்துரை இந்த மாதக் கடைசி வரை அனுப்பலாம். அனுப்புகிறவர்கள், தயவுசெய்து "நல்ல வக்கீல், தங்கமான மனசு" என்றெல்லாம் எழுதாதீர்கள். ஏற்கெனவே போன சில படிவங்களில் அப்படித்தான் இருக்கிறதாம். எந்த மாதத் தாள், அதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன செய்தீர்கள், எங்கே போனீர்கள், வேலை முடிந்ததா என்று நாலு வரி போதும். முடியவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். சொந்த வழக்கின் எண், எதிராளி பெயர் வேண்டாம். எழுத வராதவர்கள் மனு எழுதும் அண்ணனிடம் சொன்னால் எழுதித் தருவார். இதற்குக் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார், நீங்களும் கட்டாயப்படுத்தாதீர்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார்.

படிவம் ஜெராக்ஸ் கடையிலேயே இருக்கிறது. அடுத்த தாள் கூட்டுப் பட்டாவில் உட்பிரிவு செய்வது பற்றி. அதற்கான கேள்விகளையும் அங்கேயே எழுதிப் போட்டுவிடுங்கள்.

நன்றியுடன்,
சட்டத் தாள் குழுவுக்காக, ஒரு வழக்கறிஞர்
தருமபுரி