போர்டிங் பாஸ் போனில் இருந்தாலும் கவுண்டருக்கு வாருங்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

திருச்சி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு நாள் ராத்திரி பத்தேகால் மணிக்கு எங்கள் டிக்கெட் கடைக்கு ஒரு போன். பேசியவர் விமான நிலையத்துக்குள்ளே நின்றுகொண்டிருந்தார். சிங்கப்பூரில் மகளுக்குப் பிரசவம், பார்த்துவரப் புறப்பட்ட அப்பா. மகன் முதல் நாளே ஆன்லைன் செக்-இன் செய்து, போர்டிங் பாஸை அவர் போனில் இறக்கிக் கொடுத்துவிட்டார். "அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே, மூணு மணி நேரம் முன்னாடி போய் என்ன செய்யப்போறோம்" என்று நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். விமானத்துக்கு ஐம்பது நிமிடம் இருக்கையில் உள்ளே வந்தால் கவுண்டரில் ஆள் இல்லை. போர்டிங் பாஸின் அடியில், பயண ஆவணங்களைக் கவுண்டரில் காட்ட வேண்டும் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்ததாம். அதை அப்பாவும் படிக்கவில்லை, மகனும் படிக்கவில்லை.

மறுநாள் விமானத்தில் அனுப்பிவைத்தோம், கட்டண வித்தியாசத்தை அவர்தான் கொடுத்தார். தப்பில் எங்களுக்கும் பங்கு உண்டு. சீக்கிரம் போங்கள் என்று டிக்கெட்டை நீட்டும்போது சொன்னோமே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஆன்லைன் செக்-இன் என்பது நீங்கள் விமானத்தில் வருகிறீர்கள் என்று உறுதி சொல்லி, உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்வது. விமானக் கம்பெனியைப் பொறுத்து 48 மணி நேரம் முன்போ 24 மணி நேரம் முன்போ திறக்கும். சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறீர்கள், கையில் ஒரு பை மட்டும்தான் என்றால் அத்தோடு வேலை முடிந்தது. வெளிநாட்டுப் பயணத்தில் அது பாதி வேலைதான். உங்கள் பாஸ்போர்ட்டையும் விசாவையும் ஒரு மனிதர் கையில் வாங்கிப் பார்த்தாக வேண்டும். சில கம்பெனிகள் ஆன்லைனில் போர்டிங் பாஸே தராமல், கவுண்டரில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று நிறுத்திவிடும். வேறு சில கொடுத்துவிட்டு, ஆவணம் பார்த்த பிறகுதான் செல்லும் என்று எழுதிவைக்கும். பெட்டி போடாதவர்களும் இதற்காகக் கவுண்டருக்குப் போகத்தான் வேண்டும்.

விமானக் கம்பெனிக்கு இதில் என்ன அக்கறை என்று ஒருவர் கடையில் கேட்டார். நியாயமான கேள்வி. ஆவணம் சரியில்லாத பயணியை ஏற்றிக்கொண்டு போய், அந்த நாட்டில் இறங்கவிடாவிட்டால், ஏற்றிவந்த கம்பெனிதான் அவரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பல நாடுகள் அதற்கு மேல் அபராதமும் போடும். அதனால்தான் கவுண்டரில் இருக்கும் பெண் அத்தனை கேள்வி கேட்கிறார். அதுவும் தன் இஷ்டத்துக்குக் கேட்பதில்லை. எந்த நாட்டுப் பாஸ்போர்ட்காரர் எந்த நாட்டுக்குப் போக என்னென்ன வேண்டும் என்று சொல்லும் டைமேட்டிக் என்ற தகவல் திரட்டு உலகம் முழுக்க விமானக் கம்பெனிகளிடம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் பேசுகிறார். அவரிடம் கோபித்துக்கொண்டு பயனில்லை, கெஞ்சியும் பயனில்லை.

இனி பெயருக்கு வருகிறேன். எங்கள் கடையில் பாதித் தலைவலி இதில்தான். நமக்குப் பெயர் என்பது ஒன்று, அதற்கு முன்னால் அப்பா பெயரின் எழுத்து ஒன்று. பாஸ்போர்ட்டில் கட்டங்கள் இரண்டு: சொந்தப் பெயர், குடும்பப் பெயர். ரா. முருகேசன் என்று மூன்று பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் பாஸ்போர்ட்டில் முருகேசன் சொந்தப் பெயர், ராமசாமி குடும்பப் பெயர். இரண்டாமவருக்கு இரண்டும் சேர்ந்து சொந்தப் பெயர்க் கட்டத்தில் இருக்கிறது, குடும்பப் பெயர்க் கட்டம் காலி. மூன்றாமவருக்கு வெறும் முருகேசன். விமானக் கம்பெனியின் தளமோ குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. ஒரு கம்பெனி அதே பெயரை இரண்டு தடவை போடச் சொல்லும், இன்னொன்று பெயரை இரண்டாக உடைக்கச் சொல்லும். இதில் ஒன்று இடறினாலும் ஆன்லைன் செக்-இன் திறக்காது. அப்படியானால் பதறாதீர்கள். கவுண்டருக்குப் போங்கள், அங்கே முடித்துத் தருவார்கள்.

கோலாலம்பூரில் ஒலிபெருக்கியில் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவர் தவறி இருபது வருஷமாயிற்றே, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தேன் என்றார் ஒரு வாடிக்கையாளர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வெளிநாட்டில் உங்கள் அப்பா பெயர்தான் உங்கள் பெயர், காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

துபாய், ஷார்ஜா, அபுதாபி போகிறவர்களுக்கு இது சிரிக்கிற விஷயம் இல்லை. பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் ஏற்க முடியாது என்று 2022 நவம்பரில் அமீரகம் சொல்லிவிட்டது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கம் வந்தது. ஆனாலும் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ளவர்கள் அடுத்த முறை பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதே பெயரை இரண்டு கட்டத்திலும் பிரித்துப் போட்டுக்கொள்வது நல்லது. டிக்கெட்டில் ஒன்றிரண்டு எழுத்துப் பிழையைப் பெரும்பாலும் திருத்தித் தருவார்கள். வேறு ஆள் போலத் தெரிந்தால் ரத்து செய்துவிட்டுப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் பெயரை வாயால் சொல்லாதீர்கள், பாஸ்போர்ட்டைக் கொண்டுவாருங்கள் என்கிறோம். ஆதாரில் உள்ளபடி, ரேஷன் கார்டில் உள்ளபடி எல்லாம் இங்கே எடுபடாது.

எண்ணை அடிக்கும்போதும் கவனம். நம் பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஒரு ஆங்கில எழுத்து, பிறகு ஏழு இலக்கம். ஆகவே முதல் எழுத்துக்குப் பின்னால் வட்டமாக எதைப் பார்த்தாலும் அது சைபர்தான், ஓ இல்லை. போன வருஷம் வாட்ஸப்பில் வந்த மங்கலான படத்தைப் பார்த்து நாங்களே ஒரு 3ஐ 8 என்று அடித்துவிட்டோம். கவுண்டரில் பிடிபட்டது. படம் உள்ள பக்கத்தின் அடியில் 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கவுண்டரில் இயந்திரம் அதைப் படித்ததும் சரியான எண் ஏறிவிட்டது. செக்-இன்னில் இந்தப் பிழை தப்பிக்கும். இ-விசாவில் இதே பிழை வந்தால் தப்பிக்காது, விமானம் ஏற முடியாது. படம் அனுப்புகிறவர்கள் பகல் வெளிச்சத்தில், நான்கு மூலையும் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள்.

பத்து வருஷப் பாஸ்போர்ட்டை ஒன்பதரை வருஷம் என்றே கணக்கு வையுங்கள். சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், இலங்கை எல்லாமே ஆறு மாதம் மிச்சமிருக்க வேண்டும் என்று கேட்கும் நாடுகள். பிள்ளைகளுடையது ஐந்து வருஷத்திலேயே முடிந்துவிடும், பெரியவர்களுடையதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுடையதை மறந்துவிடுகிறார்கள்.

போகிற நாட்டின் வருகை அட்டையை, அதாவது உள்ளே வருகிறவர் தன் விவரங்களை நிரப்பிக் கொடுக்கும் படிவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றும் இப்போது இதை இணையத்தில் நிரப்பச் சொல்கின்றன. இறங்கும் நாளோடு சேர்த்துக் கடைசி மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், டிக்கெட் எடுத்த அன்றே செய்ய முடியாது. மூன்றுக்கும் காசு கிடையாது. பணம் கேட்கும் பக்கம் வந்தால் அது அரசாங்கத் தளம் அல்ல, மூடிவிடுங்கள். அப்படிப் பணம் கட்டிவிட்டு எங்களிடம் ரசீதைக் காட்டியவர்கள் உண்டு. இதை நிரப்பினால் விசா கிடைத்ததாக அர்த்தமும் இல்லை. மலேசியா 2023 டிசம்பரிலிருந்து நமக்கு விசா இல்லாமல் 30 நாள் தருகிறது. அங்கே போகிறவர்களிடமும் திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடமும் கவுண்டரில் கேட்பார்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (குடியகல்வுச் சோதனை தேவை) முத்திரை இருந்து, வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளில் ஒன்றுக்கு வேலைக்குப் போவதானால் குடியகல்வு அனுமதி வேண்டும். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தமாதிரி டிக்கெட் எங்களிடம் கேட்காதீர்கள்.

விமான நிலையத்தில் வரிசை இப்படி: வாசலில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும், பிறகு கவுண்டர், பிறகு இமிக்ரேஷன், பாதுகாப்புச் சோதனை, கடைசியில் விமானக் கதவு. உள்நாட்டில் முகத்தைக் காட்டி நுழையும் டிஜி யாத்ரா வெளிநாட்டுப் பயணத்துக்கு உதவாது. கவுண்டரை விமானம் கிளம்ப 60 நிமிடம் இருக்கும்போது மூடுவார்கள், சில கம்பெனிகள் 75 நிமிடத்திலேயே. நீங்கள் வாசலில் வந்து நிற்கும் நேரம் கணக்கில்லை, கவுண்டரில் பாஸ்போர்ட்டை நீட்டும் நேரம்தான் கணக்கு. ஒரே ராத்திரியில் இரண்டு மூன்று விமானம் அடுத்தடுத்துக் கிளம்பும்போது இமிக்ரேஷன் வரிசை எவ்வளவு நீளும் என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடிக்கடி போய்வருகிறவர்கள் விரைவு இமிக்ரேஷன் திட்டத்தில் பதிந்துகொள்ளுங்கள். 2025 செப்டம்பரிலிருந்து திருச்சியிலும் இருக்கிறது, கட்டணம் இல்லை, தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம். அது இமிக்ரேஷன் வரிசையை மட்டும்தான் குறைக்கும். கவுண்டர் கவுண்டர்தான்.

இத்தனையும் படித்துவிட்டு, ஆன்லைன் செக்-இன்னே வேண்டாம் போலிருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். செய்துவிட்டுப் போனால், பெட்டியை மட்டும் போடும் தனி வரிசை பல கம்பெனிகளில் உண்டு, அது சீக்கிரம் நகரும். செய்யத் தெரியாதவர்கள் பயணத்துக்கு முதல் நாள் பாஸ்போர்ட்டோடு கடைக்கு வந்தால் நாங்களே செய்து, தாளில் அச்சடித்துத் தருகிறோம். எங்களிடம் டிக்கெட் எடுத்தவர்களுக்கு இதற்குக் காசு வாங்குவதில்லை. போனில் சார்ஜ் தீர்ந்து தவிப்பதற்குத் தாள் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் டிக்கெட் கடையார்

பின்குறிப்பு: நாங்கள் இலவசமாகக் கொடுத்த பாஸ்போர்ட் உறையைக் கவுண்டரிலும் இமிக்ரேஷனிலும் கழற்றிவிட்டு நீட்டுங்கள். உறையோடு கொடுத்தால் இயந்திரம் படிக்காது, அதிகாரி முறைப்பார். கடை பெயர் போட்ட உறைதான், கழற்றினால் நாங்கள் வருத்தப்பட மாட்டோம்.