கை விலகாமல் எழுது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். தீபாவளிக்கு வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நீ அலுவலகத்துக்கு நிரல் எழுதிய இரண்டு நாளும், முறுக்கு பிழிந்தபடியே உன் கைகளைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருப்பேன்; நீ அவசரத்தில் இருந்ததால் பேச்சுக் கொடுக்கவில்லை.

ஒரு கோப்பைத் திறப்பதற்கு நீ இடப்பக்கப் பட்டியலில் ஒவ்வொரு ஃபோல்டராக விரித்து, மவுஸை உருட்டித் தேடுகிறாய். நான்கு ஃபோல்டர் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள், எதற்காக அதைத் தேடினோம் என்பதே மறந்து பழைய கோப்புக்கு நீ திரும்பி வந்ததை இரண்டு முறை பார்த்தேன். நொடிகள் போனால் போகட்டும். மனத்தில் பிடித்து வைத்திருந்த இழை அறுந்துபோவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீ நிரல் எழுதும் விஎஸ் கோட் எடிட்டரில் கன்ட்ரோல் பி அழுத்திக் கோப்புப் பெயரில் நினைவுக்கு வரும் மூன்று நான்கு எழுத்துகளைத் தட்டினால் போதும். அவை பெயரில் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, வரிசை மாறாமல் இருந்தால் சரி. பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் வரி எண்ணும் சேர்த்தால், பிழைச் செய்தி காட்டிய அதே வரியில் போய் நிற்கும். நீ வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. எழுதுவதைவிடப் பிறர் எழுதியதைப் படிப்பதே உனக்கு அதிகம் இருக்கும். ஒரு ஃபங்ஷனின், அதாவது பெயரிட்டுத் தனியே எழுதிய நிரல் துண்டின், பெயர் மேல் கர்சரை வைத்து எஃப்12 அழுத்தினால் அது எழுதப்பட்ட இடத்துக்குப் போகலாம். படித்து முடித்ததும் ஆல்ட்டுடன் இடப்பக்க அம்பை அழுத்தினால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பலாம். திரும்பும் வழி கைவசம் இருந்தால்தான் எவ்வளவு ஆழத்துக்கும் துணிந்து இறங்க முடியும் என்பதால், இந்த இரண்டையும் ஒன்றாகவே பழகு.

நான் 1996-இல் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் டெர்மினல்களுக்கு, அதாவது திரையும் விசைப்பலகையுமாக இருந்த கருவிகளுக்கு, மவுஸ் கிடையாது. நிரல் எழுதப் பயன்பட்ட விஐ எடிட்டரில் எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு விசைகளால்தான் இடமும் கீழும் மேலும் வலமுமாக நகர்வோம். ஏன் இந்த எழுத்துகள் என்று அன்று யாரும் சொல்லவில்லை. 1976-இல் பில் ஜாய் என்பவர் அந்த எடிட்டரை உருவாக்கியபோது பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புகளுக்கென்று தனி விசை இல்லை, அந்த நான்கு எழுத்து விசைகளின் மேலேயே அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன என்று வெகுகாலம் கழித்துப் படித்தேன். வலக்கை விரல்கள் இயல்பாகப் படியும் வரிசை அது. கை இருந்த இடத்திலேயே இருக்க, கண் திரையை விட்டு அகலாமல் வேலை நடந்த அந்தச் சுகத்தை நீயும் அறிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆனால் வேகம் மட்டும் போதாது என்பதையும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நிரலில் ஒரு மதிப்பைக் குறிக்கும் பெயரை மாறி என்போம்; ஐ, டி (id) என்ற இரண்டே எழுத்துகளால் ஆன ஒரு மாறிக்கு நீளமான பெயர் வைக்க நினைத்து, கோப்பு முழுவதும் ஒரே கட்டளையில் மாற்றிவிட்டேன். 'விட்த்' (width), 'வேலிட்' (valid) ஆகிய சொற்களின் நடுவிலும் அதே இரண்டு எழுத்துகள் இருப்பது நினைவுக்கு வரவில்லை. அதைச் சரிசெய்ய ஒரு மாலை முழுவதும் போயிற்று. இன்று விஎஸ் கோடில், பெயர் மேல் கர்சரை வைத்து அழுத்தினால் பெயரை மாற்றித் தரும் எஃப்2 விசை இருக்கிறது. எழுத்துகள் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்காமல் அந்த மாறி எது என்று அறிந்து, அது வரும் கோப்புகள் எல்லாவற்றிலும் மாற்றும். மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதைப் பெரும்பாலும் தொடாது. அதை நீதான் பார்க்க வேண்டும். பெயர் மாற்ற நீ 'தேடி மாற்றும்' பெட்டியைத் திறந்ததைப் பார்த்தபோது எனக்கு அந்த மாலைதான் நினைவுக்கு வந்தது.

குறுக்குவழிப் பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டாதே, அது சுவரோடு சுவராகிவிடும். எந்த வேலைக்கு உன் கை அடிக்கடி மவுஸைத் தேடுகிறதோ அந்த ஒன்றை மட்டும் ஒரு வாரம் பழகு. விசை மறந்தால் கன்ட்ரோல் ஷிஃப்ட் பி அழுத்தி, வேண்டியதன் பெயரைத் தட்டு. கட்டளைக்கு அருகிலேயே அதற்குரிய விசையும் தெரியும். முதல் சில நாள் முன்னைவிட மெதுவாகத்தான் போகும், அதைப் பொறுத்துக்கொள்.

அடுத்த மாதம் அலுவலகத்தில் மேக் கணினி தருவதாகச் சொன்னாயே, அதில் மேலே சொன்ன கன்ட்ரோல் பி, கமாண்ட் பி ஆகிவிடும். புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவதற்கு மட்டும் கன்ட்ரோலுடன் கழித்தல் குறி.

அன்புடன்,
அம்மா