திருநங்கையர் மனநலம்: வீட்டாருக்கும் ஆலோசனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருநங்கையர், திருநம்பியர் நலன் என்றால் நலவாரிய அட்டை, தொகுப்பு வீடு, தொழில் கடன் என்ற அளவில் பேச்சு நின்றுவிடுகிறது. அவர்களது மனநலம் குறித்து எங்கள் செட்டிநாட்டுப் பகுதியில் வாய் திறப்பவர் குறைவு.

பிள்ளையின் நடை உடை மாறுவதைக் கண்டதும் இங்கே பெற்றோர் பலர் முதலில் கோடாங்கியிடம் ஓடுகிறார்கள். பிறகு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று வரன் பார்க்கிறார்கள். இரண்டும் பலிக்காத பிறகே, "எப்படியாவது மாற்றிக் கொடுங்கள்" என்று மருத்துவரிடம் வருகிறார்கள். மாற்றுவதற்கு, திருநங்கையாகவோ திருநம்பியாகவோ இருப்பது நோயே அன்று. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு அதை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இத்தகைய 'மாற்று' வைத்தியத்தைத் தடைசெய்யுமாறு 2021-இல் உத்தரவிட்ட சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அதற்கு முன் தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து விளக்கம் கேட்டுக்கொண்டார். நீதிபதி செய்ததைப் பெற்றவர்கள் செய்யத் தயங்க வேண்டியதில்லை.

திருநங்கையர், திருநம்பியரிடம் காணும் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் பெரும்பாலும் புறக்கணிப்பின் விளைவுகள். என்னிடம் படித்த ஒரு திருநங்கை, தன்னை வளர்த்த அப்பத்தாவின் சாவுக்கு வந்தபோது வளவுக்குள் விடப்படாமல் முகப்புத் திண்ணையிலேயே உட்காரவைக்கப்பட்டார். நெய்ப்பந்தம் பிடித்த பேரப்பிள்ளைகள் வரிசையில் அவருக்கு மட்டும் இடமில்லை. அதன்பின் தூக்கமின்றித் தவித்து ஓர் அரசு மருத்துவமனைக்குச் சென்றவரை, ஓ.பி. சீட்டில் இருந்த பழைய ஆண் பெயரைச் சொல்லி உரக்க அழைத்ததும் கூடமே திரும்பிப் பார்க்க, அவர் மருத்துவரைப் பாராமலே வீடு திரும்பிவிட்டார். தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-இலேயே உறுதிசெய்த பிறகும் இந்த நிலை நீடிப்பது வேதனை தருகிறது.

2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பாலின மாற்று அறுவை சிகிச்சைக்கும் ஹார்மோன் சிகிச்சைக்கும் முன்னும் பின்னும் ஆலோசனை தரச் சொல்கிறது. ஆனால், புறக்கணிப்பு தொடங்கும் இடம் வீடு என்பதால், வீட்டாருக்கும் ஆலோசனை அவசியம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் காரைக்குடி, தேவகோட்டை அரசு மருத்துவமனைகளில், பயிற்சி பெற்ற ஆலோசகரைக் கொண்டு வாரம் ஒரு நாள் இதற்கென ஒதுக்க வேண்டும். திருநங்கையரையும் திருநம்பியரையும் அவர்கள் சொல்லும் பெயராலேயே அழைக்க வேண்டும் என்று ஊழியர்களுக்கு அறிவுறுத்தவும் வேண்டும். அதுவரை, தொலைபேசி வழியே மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் சேவையின் இலவச உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது. பிள்ளைகள் மட்டுமன்றி, என்ன செய்வதென்று தெரியாமல் கலங்கும் தாய்மாரும் அதில் பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
தேவகோட்டை.