ஞாயிறு சைக்கிள் குழுவுக்கு: "நாளைக்கு வரவில்லை" என்று சொல்ல விடுங்கள்

அன்புள்ள அண்ணாமாருக்கும் தம்பிமாருக்கும், புதிதாகச் சேர்ந்த மூன்று தங்கைமாருக்கும்,

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியாயிற்று. தெற்கு லண்டனில் நாங்கள் ஏழரைக்குக் கூடும் அந்த பேக்கரி வாசல் இன்னும் சில வாரங்களில் அரையிருட்டாக இருக்கும். டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் எழும்பவே எட்டு மணி தாண்டிவிடும். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைக் கதைத்து முடிக்க வேண்டும்.

போன ஜனவரியில் நடந்ததை நாங்கள் எல்லோரும் "கெட்ட நேரம்" என்று மூடிவிட்டோம். எனக்கு மூடவில்லை. அதில் எனக்கு ஒரு பங்கு இருக்கிறது.

அந்தச் சனி இரவு எங்கள் குழுவின் அண்ணை ஒருவர் வட்ஸ்அப்பில் எழுதினார்: "றோட்டு உறையும் போல கிடக்கு. யோசிக்கிறன்." இரண்டு நிமிடத்தில் சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. ஒருவர் போர்வைக்குள் படுத்திருக்கும் பூனைப் படம் போட்டார். நான் எழுதினேன்: "வயசு போயிற்றோ அண்ணை? அக்காட்டைக் கேட்டுட்டு வாங்கோ." மறுநாள் காலை எல்லோருக்கும் முதல் பேக்கரி வாசலில் நின்றவர் அவர்தான்.

போனில் இரண்டு பாகை என்று காட்டியது. "சைபருக்கு மேலதானே" என்று கிளம்பினோம். வானிலைக்காரர் அளப்பது நிலத்திலிருந்து ஒன்றேகால் மீற்றர் உயரத்தில், நிழல் பெட்டிக்குள் இருக்கும் காற்றை. முகில் இல்லாத இரவில் தார் றோட்டு தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிட்டு அந்தக் காற்றை விடக் குளிர்ந்து போகும். காற்று இரண்டு, மூன்று பாகையில் இருக்கும்போதே றோட்டு உறைந்திருக்கலாம். பல கார்கள் மூன்று, நாலு பாகையிலேயே எச்சரிக்கை காட்டுவது அதனால்தான். ஒரு நாளின் மிகக் குளிரான நேரம் நடுச்சாமம் இல்லை, சூரியன் எழும்புகிற வேளை. நாங்கள் சரியாக அந்த நேரத்தில்தான் சறே மலைப்பக்கத்து ஒழுங்கைகளுக்குள் இறங்குகிறோம்.

அந்த ஒழுங்கை உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் மண்திட்டு, மேலே மரம் மூடி, வெயிலே படாத இடம். திட்டிலிருந்து கசிந்த தண்ணீர் றோட்டுக்குக் குறுக்கே ஒரு பாய் அகலத்துக்கு ஓடி உறைந்திருந்தது. கறுப்பு ஐஸ் என்கிறார்கள், ஆனால் அதற்கு நிறமே இல்லை. அடியில் இருக்கும் தார்தான் தெரியும். வெறும் ஈரம் என்றுதான் கண் சொல்லும். அண்ணை முன்னால் போனார். கத்தவில்லை, பிறேக் சத்தமும் இல்லை. முன்சில்லு பக்கவாட்டில் போனது, ஆள் நிலத்தில். ஒருவர் சில்லோடு ஒருவர் ஒட்டி ஓடிய பழக்கத்தில் பின்னால் மூன்று பேர் அவர் மேலேயே போனார்கள். நான் முள்பற்றைக்குள் விட்டுத் தப்பினேன். அவரின் தண்ணீர்ப் போத்தல் கழன்று சரிவில் உருண்டு போன சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்டது. தூக்கிவிடப் போன இருவரும் வழுக்கி விழுந்தார்கள். கடைசியில் குந்தியிருந்தபடி நகர்ந்துதான் அவரிடம் போய்ச் சேர்ந்தோம்.

இடுப்பெலும்பில் ஆணி போட்டிருக்கிறது. நல்லாய் நடக்கிறார். சைக்கிளைத் தொடவில்லை.

இதைச் சொன்னால் வரும் முதல் பதில் எனக்குத் தெரியும். "நாங்கள் உழக்காத உழக்கோ?" உண்மைதான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் ஊரே சைக்கிளில் ஓடியது. நெல்மூட்டையும் போனது, நோயாளியும் போனார். அந்தக் கால்கள் இன்னும் எங்களிடம் இருக்கின்றன. ஆனால் அந்த றோட்டில் குழி இருந்தது, ஷெல் விழுந்தது, ஐஸ் இருக்கவில்லை. கால் பலத்துக்கு ஐஸில் வேலையே இல்லை. அழுத்தி உழக்கினால் பின்சில்லு சுற்றும், பிறேக் பிடித்தால் முன்சில்லு வழுக்கும்.

இரண்டாவது பதில்: "பின்லாந்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளே பனியில் ஓடுகிறார்கள்." ஊலு நகரத்தைப் பற்றித்தானே. அங்கே சைக்கிள் பாதையைப் பனிக்கென்றே பராமரிக்கிறார்கள். இறுகிய பனி மேல் வரிவரியாகக் கீறி, சரளைக்கல் தூவி விடுகிறார்கள். அதோடு, பூச்சியத்துக்கு நன்றாகக் கீழே நிற்கும் உலர்ந்த பனியில் ஓரளவு பிடிமானம் இருக்கும். எங்கள் இங்கிலாந்துக் குளிர் பகலில் உருகி இரவில் உறைகிற குளிர். பூச்சியத்தை ஒட்டிய ஐஸ்தான் மிக மோசமாக வழுக்கும், அதன் மேல் ஒரு தண்ணீர்ப் படலம் இருக்கும். ஆணி பதித்த டயர் போட்டால் உதவும். ஆனால் எங்கள் மெல்லிய றேஸ் சைக்கிள்கள் பலவற்றுக்குள் அது நுழையாது, குழுவில் ஒருவரிடமும் இல்லை.

மூன்றாவது: "கவுன்சில் உப்புப் போட வேண்டும்." பனியாலும் ஐஸாலும் றோட்டு ஆபத்தாகாமல் பார்க்கும் கடமை பெருந்தெருக்கள் சட்டத்தில் 2003 முதல் இருக்கிறது, "நியாயமாக முடிந்த அளவுக்கு" என்ற சொற்களோடு. உப்பு லொறி பிரதான வீதிகளுக்குத்தான் முதலில் போகும். எங்கள் ஒழுங்கைக்கு வந்தாலும், உப்பை நசித்து உப்புநீராக்க வாகனச் சில்லுகள் வேண்டும். நாங்கள் அந்த ஒழுங்கைகளைத் தேடிப் போவதே அங்கே வாகனம் இல்லை என்பதால்தானே.

2006 ஜனவரி 8, அதுவும் ஒரு ஞாயிறு காலை. வட வேல்ஸில் அபர்கேலிக்குப் பக்கத்தில் றில் சைக்கிள் கழகத்தார் பன்னிரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். ஐஸில் கட்டுப்பாடு இழந்த கார் ஒன்று அவர்களுக்குள் புகுந்தது. நாலு பேர் செத்தார்கள், ஒருவர் 14 வயதுப் பையன். தேய்ந்த டயர்களுக்காக ஓட்டுநருக்கு 180 பவுண் அபராதம் விதித்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் பழகியவர்கள், தங்கள் பக்கத்தில் ஒழுங்காகப் போனவர்கள். நாங்கள் எவ்வளவு கவனமாக ஓடினாலும் எதிரே வருபவரின் சில்லுக்கு நாங்கள் பொறுப்பெடுக்க முடியாது. எங்கள் குழுவிலும் இப்போது ஒரு பதினாறு வயசுக்காரன் தகப்பனோடு வருகிறான்.

குழுவை நடத்துபவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சனி இரவு ஒன்பது மணிக்கு ஒரே ஒருவர் முடிவு சொல்லட்டும். முறை வைத்து மாற்றிக்கொள்ளலாம். இரவில் மூன்று பாகைக்குக் கீழே போகும் என்றால் ஏழரைப் பயணம் இல்லை. பதினொன்றுக்கு வெயில் பட்ட பிறகு உப்புப் போட்ட பெரிய வீதியில் போகலாம், அல்லது யாராவது வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலையலாம். முடிவு சொன்னவரோடு யாரும் வாதாடக் கூடாது. அவர் சொன்ன பிறகு நாலு பேர் தனியாகச் சேர்ந்து போய்ப் படம் போடுவதும் கூடாது. போன வருஷம் அது இரண்டு தரம் நடந்தது. யாரென்று எனக்குத் தெரியும், ஒரு தரம் நானும் அந்தப் படத்தில் இருக்கிறேன்.

தனியே நின்றால் அந்த ஒழுங்கைக்குள் இறங்கியிருக்க மாட்டோம். பத்துப் பேராக நின்றபோது ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அல்லது தோன்றியும் வாய் திறக்கவில்லை, என்னைப் போன்ற ஒருவன் சிரிப்பான் என்று.

அண்ணையிடம் போன கிழமை மன்னிப்புக் கேட்டேன். "விடடாப்பா, நான்தானே வந்தனான்" என்றார். அவரின் சைக்கிள் இன்னும் என் கொட்டிலில் நிற்கிறது. வளைந்த முன்சில்லை மாற்றிவிட்டேன். ஏப்ரலில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் றோட்டு உறையும் என்ற முதல் சனி இரவு, "நாளைக்கு வரவில்லை" என்று நான்தான் முதலில் போடுவேன். பூனைப் படம் போடுவதென்றால் எனக்குப் போடுங்கள்.

அன்புடன்,
குழுவில் பின்வரிசையில் ஓடும் ஒருவன்