பிஷப்புக்குக் குடிபோகிறேன், அக்கா

அக்கா,

நேற்று சாயங்காலம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கலிபோர்னியா மலையடிவாரத்துப் பிஷப் ஊரில்தான். செப்டம்பர் முதல் தேதி சாவி தருவார்கள். போனில் சொன்னால் "ம்" என்று ஒரு வார்த்தையோடு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். இதை ஏன் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறாய் என்று கேட்பாய். மலையில் உன்னை விட்டுவிட்டு நான் மேலே போன அந்தக் கதையை நீ எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போதுதானே சொல்கிறாய், ஒவ்வொரு தீபாவளிக்கும்? என் பக்கத்தையும் ஒரு தடவை அதே கூட்டத்துக்கு நடுவில் சொல்லிவிட வேண்டும்போல இருக்கிறது.

இந்த வாரத்தோடு நான்கு வருடம்.

நீ அந்த ஊரைப் பார்த்தது ஒன்றரை நாள், அதில் பாதி நேரம் தலைவலி. உன் மனதில் பிஷப் என்றால் அந்தப் பாறையும் ஆலங்கட்டியும்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஊர் அது இல்லை. நாலாயிரம் பேர்கூட இல்லாத ஊர், நடுவில் 395ஆம் நம்பர் நெடுஞ்சாலையே கடைத்தெரு. மேற்கே சியெரா நெவாடா, கிழக்கே வெள்ளை மலைகள், இரண்டு பக்கமும் 14,000 அடிக்கு மேல் போகிற சிகரங்கள், நடுவில் 4,150 அடியில் ஊர். காலையில் ஷாட்ஸ் பேக்கரியில் ரொட்டி வாங்கிக்கொண்டு கிளம்பினால் முக்கால் மணி நேரத்தில் 9,800 அடியில் சவுத் லேக் கரையில் நிற்கலாம். பனி விழுந்து மேலே போகிற ரோடுகளை மூடிவிட்டால், ஊருக்கு வடக்கே எரிமலைச் சாம்பல் இறுகிப் பாறையான இடத்துக்கு வந்துவிடுவார்கள், ஜனவரியில்கூட அங்கே வெயிலில் பாறை ஏறலாம். அந்தச் சாம்பல் விழுந்து 7,60,000 வருடம் ஆகிறதாம். விரல் வைக்கிற ஓட்டைகள் அந்தப் பாறையில் நிறைய. கொலராடோவில் எஸ்டெஸ் பார்க்குக்குப் போ, ஓரிகனில் பெண்டுக்குப் போ, அங்கேயும் மலை இருக்கிறது, ஆஸ்பத்திரி பெரிது என்றாய். எஸ்டெஸ் பார்க்கில் கோடையில் நடக்க இடமில்லை. பெண்டில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் ஆகிவிட்டார்கள். எனக்கு வேண்டியது வேலை முடிந்து, இருட்டுவதற்குள் மலையில் கால் வைக்க முடிகிற சின்ன ஊர். அவ்வளவுதான்.

வீடு கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. ஏன் தெரியுமா? அந்த மாவட்டத்தில் நூற்றில் இரண்டு பங்கு நிலம்கூடத் தனியாரிடம் இல்லை. மலை அரசாங்கத்துடையது, பள்ளத்தாக்கின் தரைப்பகுதி பெரும்பாலும் உன் ஊருடையது. ஆமாம், லாஸ் ஏஞ்சலஸ் மாநகரத்தின் தண்ணீர்த் துறை நூறு வருடத்துக்கு முன்னால் தண்ணீருக்காக வாங்கிப்போட்டது. 1913இல் 233 மைலுக்குக் கால்வாய் வெட்டி முடித்து, ஒரு பம்புகூட இல்லாமல், சரிவிலேயே ஓட்டிக்கொண்டு போனார்கள். அதில் அங்கே இருந்த ஓவன்ஸ் ஏரியே வற்றிப்போய்ப் புழுதிக்காடாகிவிட்டது. அந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான பையூட் மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயருக்கு "தண்ணீர் ஓடும் நிலம்" என்று அர்த்தம். அதைக் கேட்டதிலிருந்து மனது ஒரு மாதிரியாக இருக்கிறது. பெரியாற்றுத் தண்ணீரில் வளர்ந்த தேனிக்காரிகள் நாம், மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர் இந்தப் பக்கம் வந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும், ஆனால் வந்துசேர்ந்த பக்கத்திலிருந்து மட்டும்தான் தெரியும். இப்போது நான் தண்ணீரைக் கொடுத்த ஊரின் பக்கத்துக்குப் போகிறேன். நீ சமையலறைக் குழாயைத் திறக்கும்போது அதில் கொஞ்சம் என் மலைப்பனி இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, அந்த நாள்.

சவுத் லேக்கிலிருந்து மேலே ஏறும் பாதையில், லாங் லேக் ஏரியைத் தாண்டுவதற்குள் நீ மூன்று தடவை உட்கார்ந்துவிட்டாய். ஏரி முடிகிற இடத்தில், தண்ணீரை ஒட்டி, மேலே தட்டையாக இருந்த அந்தப் பாறை. தலை பிளக்கிறது என்றாய், வாந்தி வருகிறமாதிரி இருக்கிறது என்றாய். அங்கே உயரம் 10,700 அடிக்கு மேல். முந்தின நாள் மத்தியானம் வரைக்கும் நாம் கடல்மட்டத்தில் இருந்தவர்கள். 8,000 அடியைத் தாண்டினாலே சிலருக்கு இப்படி வரும், இரண்டு இரவாவது இடையில் தங்கி உடம்பைப் பழக்க வேண்டும், வந்துவிட்டால் கீழே இறங்குவதுதான் மருந்து. இது எல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும், படித்திருந்தேன். ஆனால் ஒரு நாள்தான் லீவு என்று சொன்னது நீ. மேலே இரவு தங்க அனுமதிச்சீட்டு கிடைக்கவில்லை, பகலில் போய்வர அது தேவையில்லை, அதனால் ஒரே நாளில் பிஷப் கணவாய் வரை போய்த் திரும்புவது என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். இரண்டு பேரும் சேர்ந்துதான் என்று எழுதும்போதே எனக்குத் தெரிகிறது, உடம்பைப் பற்றிப் படித்திருந்தது நான் மட்டும்தான்.

"ஒரு மணி நேரத்தில் வந்துடறேன்" என்றேன்.

அக்கா, அது பொய். கணவாய் அங்கிருந்து போகவர ஐந்து மைலுக்கு மேல். வரைபடம் உன் மடியில்தான் இருந்தது. நீ அதைப் பார்த்தாய், மடித்தாய், என்னிடம் கொடுத்தாய். அப்புறம் உன் மழைக்கோட்டைக் கழற்றி, "மேலே குளிரும், போட்டுக்கோ" என்றாய். நான் ஒரு வார்த்தை மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். நீ தீபாவளிக்குச் சொல்லும் கதையில் இந்தக் கோட்டு வருவதே இல்லை, கவனித்திருக்கிறாயா? விட்டுவிட்டுப் போனாள் என்று சொல்கிறாய், கோட்டையும் எடுத்துக்கொண்டு போனாள் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அது எனக்காகத்தான் என்று நினைக்கும்போது அழுகை வருகிறது. இன்னொரு சமயம், அந்த ஒன்றை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு வேறொரு நாளுக்காகக் காத்திருக்கிறாயோ என்று கோபம் வருகிறது.

அந்த வருடம் நான் ஏன் அந்தக் கணவாயில் கால் வைத்தே ஆக வேண்டும் என்று இருந்தேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. உனக்குத் தெரியும். சித்தி படிப்பார், வேறு சிலரும் படிப்பார்கள், அதனால் இங்கே இவ்வளவுதான்.

மேலே இருந்தபோதே மேற்கில் கறுத்துவிட்டது. ஆகஸ்டில் மத்தியானத்துக்கு மேல் அந்த மலையில் இடி வரும் என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். இறங்கும்போது பட்டாணி அளவுக்கு ஆலங்கட்டி, பாதையெல்லாம் வெள்ளை. உன் கோட்டில் அது பட்டுத் தெறிக்கிற சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓடினேன், இரண்டு இடத்தில் விழுந்தேன். அந்தப் பாறைக்கு வந்தால் நீ இல்லை. எலுமிச்சைச்சாதம் கொண்டுவந்த எவர்சில்வர் டப்பா மட்டும் திறந்தபடி கிடந்தது, அதன் அடியில் ஒரு விரல்கடை உயரத்துக்கு உருகிய ஆலங்கட்டித் தண்ணீர், அதில் நாலைந்து கடுகும் ஒரு கறிவேப்பிலையும் மிதந்துகொண்டிருந்தன. ஏரியைப் பார்த்து உன் பெயரைக் கத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நீ அந்த ஏரியில் இருக்கிறாய் என்றே நினைத்துவிட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் சொன்னதில்லை.

மீன்பிடிக்க வந்த ஒரு பெரியவர் தார்ப்பாயைப் போர்த்தி உன்னைக் கீழே கூட்டிக்கொண்டு போயிருந்தார். பார்க்கிங்கில் அவருடைய வண்டியின் பின்பக்கத்தில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் பதில் சொல்ல முடியாது. நீ திட்டவில்லை. திட்டியிருக்கலாம். காரில் திரும்பும்போது பிக் பைன் தாண்டினோம், இண்டிபெண்டன்ஸ் தாண்டினோம், அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாய். "மேலே எப்படி இருந்தது?" என்று கேட்டாய்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் டூசி பள்ளத்தாக்கில் ஏரிகள் அடுக்கடுக்காக இருப்பதை, மரமே இல்லாத கல்வெளியை, பனித்திட்டு ஓரத்தில் பூத்திருந்த ஊதாப் பூவை. கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறேன். ஒலாஞ்சா வரை நிறுத்தவே இல்லை. நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாய். உன்னை விட்டுப் போனதைவிட, அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேனே, அதற்குத்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். மன்னித்துவிடு.

ஆனால் அதற்கு அப்புறம் நான் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் அந்தப் பாறையைக் கொண்டுவந்து வைத்தாய். வேலை மாறினால், "இவள் அப்படித்தான், பாதியில் விட்டுட்டுப் போவாள்." அந்தப் பையன் விஷயம் வேண்டாம் என்றால், அதற்கும் அதே. அம்மா முன்னால், அத்தான் முன்னால். நான் பாதியில் விட்டது உன்னைத்தான் அக்கா, மலையை இல்லை, வேலையை இல்லை. ஒரு நாள், ஐந்து மணி நேரம். அதை வைத்து என்னை முழுசாக எடை போட உனக்கு உரிமை இருக்கிறது என்று இரண்டு வருடம் நம்பினேன். இப்போது நம்பவில்லை.

பிஷப்புக்குப் போவது உன்னிடமிருந்து ஓடுவதற்காக என்று அத்தான் சொன்னாராம். இல்லை. முழுக்க இல்லை என்றும் சொல்லமாட்டேன். உன் வீட்டிலிருந்து நாலரை மணி நேரம்தான். கறிவேப்பிலைக்கு உன் தோட்டத்துக்குத்தான் வர வேண்டும், மாதம் ஒரு தடவையாவது வருவேன், கதவைத் திற.

நீயும் வா. அக்டோபரில் பிஷப் கிரீக் ஓரத்தில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும், அதைக் காரிலிருந்தே பார்க்கலாம். முதல் இரண்டு நாள் ஊரைவிட்டு மேலே கூட்டிக்கொண்டு போகமாட்டேன். மூன்றாவது நாள் உடம்பு சரியாக இருந்தால், பிக் பைன் வழியாக வெள்ளை மலைக்கு, 10,000 அடியில் 4,800 வருடத்துக்கும் மேலாக நிற்கும் ஒரு பைன் மரம் இருக்கும் காட்டுக்குப் போகலாம். எந்த மரம் அந்த வயது என்று யாருக்கும் காட்டமாட்டார்களாம், அதனால் எல்லா மரத்தையும் பார்க்க வேண்டும். தலை வலித்தால் அந்த நிமிடமே இறங்கிவிடலாம். அந்த டப்பா என்னிடம்தான் இருக்கிறது, மூடி உன்னிடம் இருக்க வேண்டும், தேடிப்பார்.

பெட்ரோலை மோஜாவியிலேயே நிரப்பிக்கொள். அதற்கு மேலே வரவர விலை அதிகம்.

உன் தங்கை